யார் வைத்த பாட்டில்?

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. பேச்சு வந்த நாளிலிருந்து எதையும் விடாமல் துருவித் துருவிக் கேட்டதால் அப்பா அவளைத் துருவி என்று கூப்பிட ஆரம்பித்தார். கல்யாணத்துக்குப் பிறகு கணவனும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "சமையலறையில ஒரு துருவி, ஹால்ல ஒரு துருவி. அது கேரட்டோட விட்டுடும், இது ஆளை விடாது" என்பான். அவன் சொல்லும் ஒரே ஜோக் அதுதான். அதையும் வருஷத்துக்கு ஒரு தடவைதான் சொல்வான்.

அவளுடைய பிழைப்பே கேள்வி கேட்பதில்தான் ஓடியது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வருகிறவர்களை உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பாள். கணவனோ கட்டடம் கட்டும் இடத்தில் உயரமான கிரேன் ஓட்டுபவன். காலையில் ஏணிப்படி ஏறி உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவான். இறங்கும்போது வார்த்தைகளை மேலேயே வைத்துவிட்டு வந்தவன் மாதிரி இருப்பான். "சாப்பாடு எப்படி இருந்துச்சு?" என்றால் "ம்." "வெயிலா?" என்றால் "ம்." இந்த இரண்டு 'ம்'முக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும் என்பதால் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

அவர்கள் புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அதுவரை வாசற்படி தாண்டி உள்ளே வந்த ஒரே விருந்தாளி அவளுடைய நாத்தனார்தான். மேஜை நாற்காலி விற்கும் ஒரு கம்பெனியின் விளம்பரப் படங்களுக்காக அறைகளை அழகாக ஜோடித்துக் கொடுப்பது அவளுக்கு வேலை. ஒருநாள் அவள் வேன் ஒன்றில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே குட்டி ஃபிரிட்ஜ். இடுப்பு உயரம்தான் இருக்கும். கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடிக் கதவு, செம்பு நிறத்தில் கைப்பிடி, உள்ளே மரத்தாலான தட்டுகள், தேன் நிறத்தில் ஒரு விளக்கு.

"அண்ணி, இது சமையலறைக்கு இல்ல. ஹால்லதான் வைக்கணும்" என்றாள் நாத்தனார். "ஜூஸ், சோடா, குளிர்ந்த காபின்னு குடிக்கிற ஐட்டம் மட்டும்தான் உள்ள போகணும். மீந்துபோன குழம்பைக் கொண்டுபோய் வெச்சீங்கன்னா நான் இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன். வர்றவங்க அவங்கவங்களே திறந்து எடுத்துக் குடிப்பாங்க. நீங்க எழுந்து எழுந்து ஓட வேண்டியதில்ல."

"வர்றவங்கன்னா யாரு?"

"அதை நீங்கதான் கூப்பிடணும்."

வேனில் படுக்க வைத்துக் கொண்டுவந்ததால் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்திருந்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும் என்றாள் நாத்தனார். ஏன் என்று துருவி கேட்டாள். உள்ளே இருக்கும் எண்ணெய் கீழே இறங்க வேண்டும் என்று பதில் வந்தது. எந்த எண்ணெய், எங்கே இறங்கும் என்று அடுத்த கேள்வி போனதும் நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போவதற்கு முன் ஃபிரிட்ஜை மூலைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டுத்தான் போனாள். பின்னால் காற்றுக்கு இடம் விடச் சொல்லிக் கையேட்டில் போட்டிருந்ததைத் துருவி காட்டியபோது, "இடம் விட்டா பின்னாடி ஒயர் தெரியும் அண்ணி, அசிங்கமா இருக்கும்" என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் சில நாட்கள் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்ப்பதுபோல அந்த ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு தண்ணீர் பாட்டில், மேடை விளக்கில் நிற்கும் பாடகர் மாதிரி நின்றது.

"கூப்பிடுவோமா?" என்றாள் துருவி.

"யாரை?"

"எல்லாரையும்தான்."

"ம்" என்றான். அது சம்மதத்துக்கான 'ம்'.

விடுமுறை நாளின் சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. கண்ணாடிக் கடையிலிருந்து வந்தார்கள். கட்டட வேலையிலிருந்து வந்தார்கள். அதில் முக்கியமானவர், கீழே நின்று கை அசைத்துக் கிரேனுக்கு வழி காட்டும் கொடிக்காரர். மனைவியோடு வந்திருந்தார். எதிர்வீட்டுப் பல் டாக்டர் அம்மா வந்தார். நாத்தனார் வந்து பாட்டில்களை நிறம் பார்த்து அடுக்கினாள். மேல் தட்டில் எலுமிச்சை, நடுவில் ஆரஞ்சும் திராட்சையும், கீழே சோடா. கண்ணாடிக் கதவில் மெல்லியதாக வேர்த்திருந்தது. வந்தவர்கள் முதலில் தயங்கி, பிறகு ஒருவர் திறந்ததும் ஆளாளுக்குத் திறந்து, கதவைத் திறப்பதற்காகவே தாகம் எடுத்தவர்கள் மாதிரி நடந்துகொண்டார்கள்.

ஒரே ஒரு குறை. எழுந்து ஓட வேண்டாம் என்று சொல்லித்தான் நாத்தனார் அந்த ஃபிரிட்ஜைக் கொடுத்தாள். துருவியோ முழு நேரமும் சமையலறையிலேயே நின்றாள். பழம் நறுக்கினாள், முந்திரி வறுத்தாள், ரொட்டித் துண்டுகளில் வெண்ணெய் தடவினாள். ஹாலில் சிரிப்புச் சத்தம் எழும்போதெல்லாம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் அடுப்பு பக்கம் திரும்பினாள். கையில் தட்டோடு வெளியே வருவாள், நாலு பேர் "ஆஹா" என்பார்கள், தட்டு காலியாகும், உள்ளே ஓடுவாள்.

மறுநாள் காலையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க ஃபிரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நடுத் தட்டில் அவள் வாங்காத ஒரு பாட்டில் இருந்தது. கெட்டியான கண்ணாடி. மூடியைக் கம்பி வைத்து இறுக்கியிருந்தது. பெயர்ச் சீட்டு எதுவும் இல்லை. உள்ளே கருஞ்சிவப்பாக ஏதோ ஒன்று. அது மட்டுமில்லை. மீதியிருந்த பாட்டில்கள் எல்லாம் பட்டாளத்துச் சிப்பாய்கள் போல வரிசையாக, பெயர் முன்பக்கம் தெரியும்படி நின்றன. நாத்தனார் நிறம்தான் பார்ப்பாள், பெயர் பார்க்க மாட்டாள். போதாததற்கு ஃபிரிட்ஜே சுவரைவிட்டு நாலு விரல் முன்னால் நகர்ந்திருந்தது. கூட்டத்தில் யாரோ இடித்திருப்பார்கள் என்று அதை மட்டும் பழையபடி சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டாள். பாட்டிலைத் தள்ளிவைக்க முடியவில்லை. அது அவள் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"என்னங்க, இதை யாரு கொண்டுவந்தா?"

கணவன் குனிந்து பார்த்தான். "தெரியல. குடிச்சுப் பார்க்கலாமா?"

"யாருது எவருதுன்னு தெரியாம வாயில வைக்கிறதா? வைங்க கீழ."

வைத்துவிட்டான். அவள் போனை எடுத்தாள்.

நாத்தனாருக்குத் தெரியவில்லை. "என் பாட்டிலா இருந்தா பேரில்லாம வருமா அண்ணி? ஒருவேளை அந்த ஸ்வெட்டர்காரரா இருக்கும்."

"எந்த ஸ்வெட்டர்காரர்?"

"அதான், சாம்பல் நிறத்துல போட்டிருந்தாரே. ஸ்வெட்டர் நல்ல ஸ்வெட்டர்தான், ஆனா காலைப் பார்த்தா வீட்டுச் செருப்பு. பச்சை வார், அதுல ஒரு பக்கம் அறுந்து தெச்சிருந்துச்சு. உங்க கடை ஆள்தானே?"

கடையில் அப்படி ஒருவரும் இல்லை. துருவிக்கு மூக்கு வேர்த்தது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஓ, அவரா!" என்றார் பல் டாக்டர். "வாசல்ல தயங்கி நின்னுட்டு இருந்தாரு. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாரு. நான்தான் வெட்கப்படுறாருன்னு நினைச்சு, வாங்க வாங்கன்னு இழுத்து, கையில ஒரு கிளாஸைக் கொடுத்து உட்கார வெச்சேன். முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சின்ன இடைவெளி. மத்தபடி நல்ல பல்லு. உங்க வீட்டுக்காரரோட வேலை பார்க்கிறவருன்னு நினைச்சேனே?"

கொடிக்காரரைக் கேட்டால், "அவர் பேசும்போது கையை ஆட்டவே மாட்டாரு அண்ணி, ரெண்டையும் மடியில கட்டி வெச்சுக்கிட்டாரு. அதான் ஞாபகம் இருக்கு. எங்க ஆள் இல்ல. உங்க சொந்தக்காரர்னு நினைச்சேன்" என்றார். அவருடைய மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அக்கா, அந்தக் குரலை நான் எங்கயோ கேட்டிருக்கேன். சொன்னா சிரிப்பீங்க. அவர் வாயைத் திறந்தாலே எனக்கு எழுந்து இறங்கணும் போல இருந்துச்சு."

"எங்கிருந்து இறங்கணும்?"

"அதுதான் தெரியல!"

ஆக, ஒரு மனுஷர் வந்திருக்கிறார். எல்லோரும் அவரோடு பேசியிருக்கிறார்கள். அவரவர் தொழிலுக்கு ஏற்றபடி பல்லையும் கையையும் செருப்பையும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அவரைக் கூப்பிட்டவர் மட்டும் யாருமில்லை. வீட்டுக்காரியான அவள் ஒருத்திதான் அவரைப் பார்க்கவே இல்லை. முந்திரி வறுத்துக்கொண்டிருந்தாள்.

ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று அலமாரி முதல் மேஜை இழுப்பறை வரை ஆராய்ந்தாள். ஒன்றும் குறையவில்லை. எடுத்துக்கொண்டு போகிற திருடனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். வைத்துவிட்டுப் போகிறவனை என்னவென்று சொல்வது?

சாயங்காலம் கணவன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாள். "சாம்பல் ஸ்வெட்டர் போட்ட ஒருத்தர் வந்தாராமே, நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தோம்."

துருவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ரொம்ப நேரமா? நீங்களா? என்ன பேசினீங்க?"

"சும்மாதான்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். உன் கடை ஆளுன்னு நினைச்சேன். நல்ல மனுஷன்."

அதற்குமேல் அவன் வாயிலிருந்து ஒரு சொல் பெயரவில்லை. பாட்டில் யாருடையது என்ற கேள்விக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷத்தில் அவளோடு சேர்ந்தாற்போல் கால் மணி நேரம் பேசாதவன், முன்பின் தெரியாத ஒருவரோடு அவ்வளவு நேரம் என்னதான் பேசியிருப்பான்?

அடுத்த விடுமுறை நாள் வரைக்கும் பாட்டில் ஃபிரிட்ஜுக்குள்ளேயே இருந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. அன்று காலை அதை வெளியே எடுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று வெயில் விழும் ஜன்னல் திட்டில் வைத்தாள். வெளிச்சம் பட்டதும் கருஞ்சிவப்பு மாதுளை முத்து போலச் சிவந்தது. அடியில் மெல்லிய வண்டல். அதிலிருந்து ஊசிமுனை அளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறின. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று பொறி தட்டியது. வீட்டுச் செருப்பு! வீட்டுச் செருப்போடு யார் தெருவைத் தாண்டி விருந்துக்கு வருவார்கள்? ஆள் இதே கட்டடத்தில்தான் இருக்கிறார்.

பாட்டிலை ஜன்னலிலேயே விட்டுவிட்டு மாடிப்படிக்கு ஓடினாள்.

"எங்க போற?" என்று குளியலறைக்குள்ளிருந்து கணவன் குரல் கொடுத்தான்.

"செருப்பு பார்க்க!"

ஒவ்வொரு வாசலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள். கீழ்த் தளங்களை முடித்துக்கொண்டு ஏறினாள். ஒரு வீட்டுக்காரர் கதவைத் திறந்து, தன் செருப்பை முறைத்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்து, செருப்பை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். அவர்கள் வீட்டுக்கு நேர் மேலே இருந்த வீட்டு வாசலில், சுவரோரமாக ஒரு ஜோடி கிடந்தது. பச்சை வார். இடது பக்கம் கறுப்பு நூலால் தைத்த தையல்.

மணியை அழுத்தினாள். உள்ளேயிருந்து, "யாரு?" என்று ஒரு குரல் கேட்டது.

ஒரே ஒரு சொல்தான். துருவியின் கை தன்னிச்சையாகத் தோள் பையைத் தேடியது. கால் ஒரு அடி பின்னால் போய் படியைத் தேடியது. தினமும் காலையிலும் மாலையிலும் பஸ்ஸில் கேட்கும் குரல். அடுத்த நிறுத்தம் எது, இறங்குகிறவர்கள் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று சொல்லும் அதே குரல். கொடிக்காரர் மனைவிக்கு ஏன் இறங்கணும் போல இருந்தது என்பது அவளுக்கு அந்த வினாடியில் விளங்கிவிட்டது.

கதவு திறந்தது. சாம்பல் நிற ஸ்வெட்டர். ஐம்பது வயதை ஒட்டிய, ஒல்லியான மனிதர். அவளைப் பார்த்ததும் பேயைப் பார்த்தவர் மாதிரி வெளிறிப்போனார்.

"நீங்க... கீழ் வீடு."

"ஆமா. நீங்கதான் அந்த பாட்டிலை..."

"அதை வெளிய எடுத்துட்டீங்களா?" என்று அவர் இடைமறித்துக் கேட்டார்.

"ஜன்னல்ல வெச்சிருக்கேன். ஏன்?"

"வெயில் படுற ஜன்னலா?"

"ஆமா."

"ஐயையோ" என்றார் பஸ் குரலில். அடுத்த நொடி, பச்சை வார் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினார். பின்னாலேயே துருவியும் ஓடினாள். "வெடிக்குமா?" "வெடிக்கலாம்!" "எவ்வளவு பெருசா?" "அம்மா, முதல்ல ஓடுங்க!"

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது கணவன் குளித்து முடித்து வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜன்னலிலிருந்து பாட்டிலை எடுத்து, இது என்னவாக இருக்கும் என்று ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆட்டாதீங்க!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மேல் வீட்டுக்காரர் ஒரு துண்டை வாங்கி, தூங்கும் குழந்தையைத் தூக்குவது மாதிரி பாட்டிலைச் சுற்றி எடுத்துச் சமையலறைத் தொட்டிக்குள் நிறுத்தினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பியைத் தளர்த்தினார். டப் என்று ஒரு சத்தம். தொட்டி, குழாய், சுவர், கூரை என்று எல்லா இடத்திலும் சிவப்புப் பூ பூத்தது. கணவனின் வெள்ளைச் சட்டை புள்ளி போட்ட சட்டையானது. மூன்று பேரும் கூரையிலிருந்து சொட்டுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மாதுளம்பழமும் இஞ்சியும்" என்றார் மேல் வீட்டுக்காரர் மெதுவாக. "நானே ஊற வெச்சுப் பண்றது. குளிர்ல இருந்தா சாதுவா இருக்கும். சூடு பட்டாதான் இப்படி."

"மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள் துருவி.

மூன்று குட்டி டம்ளருக்கு இருந்தது. புளிப்பு நாக்கில் இறங்குவதற்குள் இஞ்சி மூக்கில் ஏறியது. "ம்!" என்றான் கணவன். அப்படி ஒரு 'ம்'மைத் துருவி அதுவரை கேட்டதில்லை.

தரையைத் துடைத்த பிறகு அவர் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். இரண்டு கைகளையும் மடியில் கட்டி வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"உண்மையைச் சொல்லிடறேன். நான் அன்னைக்கு விருந்துக்கு வரல. சண்டை போடத்தான் வந்தேன்."

குரல்தான் அவருக்குச் சோறு போடுகிறது. பஸ் அறிவிப்பு, தொலைபேசியில் காத்திருக்கச் சொல்வது, புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது என்று எல்லா வேலையும் வீட்டுத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்துதான். தொங்கும் துணிகள் சத்தத்தை உறிஞ்சிவிடும். ஆனால் கொஞ்ச நாளாகப் பதிவில் ஒரு ரீங்காரம். ஈயும் இல்லை, மோட்டாரும் இல்லை. அவரும் துருவியைப் போலவே விடாக்கண்டர். தன் வீட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார், கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தார், சுவரில் காது வைத்துப் பார்த்தார். கடைசியில் மூலையில் இறங்கும் தண்ணீர்க் குழாய்தான் அதைக் கீழிருந்து ஏற்றிக்கொண்டு வருகிறது என்று கண்டுபிடித்தார். அன்றைக்குக் கீழே கூட்டச் சத்தமும் சேர்ந்ததும் பொறுக்க முடியாமல் இறங்கி வந்தார்.

"நல்லா நாலு வார்த்தை தயார் பண்ணிட்டு வந்தேன். பல் டாக்டர் அம்மா கையில கிளாஸைக் கொடுத்துட்டாங்க. குளிர்ந்த எலுமிச்சை ஜூஸைக் கையில வெச்சுக்கிட்டு எப்படிங்க சண்டை போடறது? உட்கார்ந்தேன். பேசினாங்க, பேசினேன். அப்புறம் பார்த்தா மூலையில இந்த ஃபிரிட்ஜ் நிக்குது. சுவரோட ஒட்டி, குழாயில முதுகை உரசிக்கிட்டு. மெதுவா நாலு விரல் முன்னால இழுத்தேன். பாட்டில் எல்லாம் உருண்டுச்சு, எடுத்து நேரா அடுக்கினேன். சத்தம் போயிடுச்சு."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"கூப்பிடாத வீட்ல குடிச்சுட்டு, ஃபிரிட்ஜை வேற நகர்த்திட்டு, என்னன்னு சொல்றது? மனசு கேட்கல. மேல போய் என்கிட்ட இருந்ததுல ஒண்ணை எடுத்துட்டு வந்து வெச்சேன். நீங்க உள்ள வேலையா இருந்தீங்க. சார் லிஃப்ட்கிட்ட யாரையோ வழியனுப்பிட்டு இருந்தாரு. போயிட்டேன்." அவர் தயங்கினார். "மறுநாள் காலையில மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு."

துருவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான்தான் தள்ளினேன்." உடனே எழுந்து போய் ஃபிரிட்ஜை முன்னால் இழுத்துவிட்டு வந்தாள். மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். துருவிக்கும் கணவனுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மேல் வீட்டுக்காரர் மட்டும் பல் வலி நின்றவர் மாதிரி கண்ணை மூடித் திறந்தார்.

அந்த அலமாரியைப் பார்க்காமல் துருவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு மேலே போனாள். கணவன், "நீ போய்ட்டு வா, நான் சுவரைத் துடைக்கணும்" என்று நழுவிவிட்டான்.

சட்டைகளுக்கும் கம்பளிகளுக்கும் நடுவில் ஒரு முக்காலி, ஒரு மைக், ஒரு சின்ன விளக்கு. அவளை அதில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினார்.

"உங்க ஃபிரிட்ஜோட குரலைக் கேளுங்க. அன்னைக்குக் கோபத்துல பதிவை நிறுத்தாமலேயே கீழ வந்துட்டேன். எல்லாம் இதுல இருக்கு."

முதலில் ம்ம்ம் என்று அந்த ரீங்காரம். இதற்கா மனுஷர் இந்தப் பாடு பட்டார் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே ஹெட்போனைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. பிறகு ஒரு உராயும் சத்தம். சட்டென்று ரீங்காரம் அறுந்தது. அந்த அமைதியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, குழாய் வழியாகக் குரல்கள் ஏறி வந்தன. என்ன தேடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றார் மற்றவர். என்னவோ பேச்சு, சிரிப்பு. அப்புறம் ஒரு ஆண் குரல் இரண்டு வரி பாடியது. அடக்கி, வெட்கப்பட்டு, ஆனால் சுருதி விலகாமல்.

"யாரு பாடுறது? நீங்களா?"

"நானா? எனக்குப் படிக்க மட்டும்தான் வரும். அது உங்க வீட்டுக்காரர்."

துருவி ஹெட்போனைக் கழற்றினாள், பார்த்தாள், மறுபடியும் மாட்டிக்கொண்டாள். "திரும்பப் போடுங்க" என்றாள்.

பிறகு அவர் மெல்ல மெல்லச் சொன்னார். மேலே தனியாக உட்கார்ந்து போரடிக்காமல் இருக்கக் கணவன் நாள் முழுவதும் பாடுவானாம். ஒருதடவை வயர்லெஸ் பொத்தானை விட மறந்து பாட, கீழே வேலை பார்த்த அத்தனை பேரும் கேட்டுவிட்டுக் கை தட்டினார்களாம். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடிக்காரரே, "அண்ணே, பொத்தானை அமுக்குங்க" என்று சைகை காட்டுவாராம்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது" என்றார் மேல் வீட்டுக்காரர் சங்கடத்தோடு.

துருவி கீழே வந்தாள். கணவன் ஸ்டூலின் மேல் நின்று கூரையிலிருந்த சிவப்புப் புள்ளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பாடுவீங்களாமே?"

துடைத்த கை நின்றது. "அவர் சொல்லிட்டாரா?"

"ஏன் எங்கிட்ட சொல்லல? எவ்வளவு கேள்வி கேட்கிறேன்! சாப்பாடு, வெயில், காத்து..."

"நீ அதைக் கேட்கலையே" என்றான். பிறகு, கீழே குனிந்து அவள் முகத்தைப் பார்த்து, "கேட்டிருந்தா மழுப்பியிருப்பேன். வீட்ல, வெளிச்சத்துல, நீ என்னைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது... எனக்கு வராது. அவர்கிட்ட ஏதோ பேச்சு வாக்குல வந்துடுச்சு" என்றான். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்திக்கொண்டு ஸ்டூலை இன்னும் கெட்டியாகப் பிடித்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு மேல் வீட்டுக்காரரை முறைப்படி கூப்பிட்டார்கள். அவர், தான் சண்டைக்கு இல்லாமல் வருவது இதுதான் முதல் தடவை என்று சொல்லிக்கொண்டே, ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் அளவுக்கு மாதுளைப் பாட்டில்களைக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் தன் கையாலேயே குளிரில் அடுக்கினார். ஃபிரிட்ஜ் சுவரைவிட்டுத் தள்ளி நின்றதைப் பார்த்து நாத்தனார் முகம் சுளித்தாள். காரணத்தைக் கேட்டதும் அவளே ஒயரை மறைக்க ஒரு பூந்தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். கொடிக்காரர் மனைவி, குரலின் சொந்தக்காரரைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், தன் வீட்டு நிறுத்தத்தின் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக் கேட்டு ஆனந்தப்பட்டாள்.

துருவி முந்திரியைக் கடையிலேயே வறுத்ததாக வாங்கிவிட்டாள். ஹாலில், நடு நாற்காலியில், கையில் ஒரு கிளாஸோடு உட்கார்ந்தாள். யாருக்காவது ஏதாவது வேண்டுமா என்று எழப்போனவளைப் பல் டாக்டர் தோளைப் பிடித்து அமுக்கினார்.

பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் பாட்டுப் பக்கம் வந்து நின்றது. "அண்ணே, பொத்தானை அமுக்குங்க" என்றார் கொடிக்காரர். எல்லோரும் கை தட்டினார்கள். கணவன் காது வரை சிவந்து, முடியாது என்று தலையாட்டி, எழுந்து நேராக ஃபிரிட்ஜிடம் போனான். பாட்டில் எடுக்கப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் கதவைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு, அந்தக் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டான். தேன் நிற விளக்கு அவன் தோளில் விழுந்தது. மேல் வீட்டுக்காரர் உதட்டில் விரல் வைத்து மற்றவர்களை அடக்கினார்.

பிறகு பாடினான். முதல் வரி தடுமாறியது, இரண்டாவது வரியில் மூச்சு வாங்கியது. அதற்கப்புறம் குரல் தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. பெரிய பாடகன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் துருவி கையிலிருந்த கிளாஸைக் குடிக்க மறந்து, கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்த அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடும்போது அவன் புருவம் ஒன்று மேலே ஏறுவதை அவள் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்தது. யாரும் கை தட்டுவதற்கு முன்னால் அவள் கேட்டாள்.

"இன்னும் எத்தனை பாட்டுங்க தெரியும் உங்களுக்கு?"